மேல் வரிசை நீல பேக்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிற பேக் கடையின் பலகையில் ஜமால் முகமதுவின் பெயர்தான் எழுதியிருக்கிறது. ஆனால் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பாயம்மா கடை என்றால்தான் ஆட்டோக்காரருக்கே வழி புரியும். பாயம்மா என்பது ஜமால் முகமதுவின் மனைவி காசிம் பீவி. ஐம்பத்து மூன்று வயது. ஒரு சொல்லுக்கு நாலு சொல் திருப்பிக் கொடுக்கிற வாய். ஜமால் முகமது சாது. கல்லாவில் உட்கார்ந்து தலையாட்டுவதோடு அவர் வேலை முடிந்துவிடும். வியாபாரம் முழுக்க அந்த அம்மாளின் வாயில்தான் நடக்கிறது.

பேக் வியாபாரத்தில் பாதி வேலை பேப்பர் திணிப்பது. புது பேக்குகள் மூட்டையில் அப்பளம்போலத் தட்டையாக வந்து இறங்கும். அப்படியே மாட்டினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடைத்து, ஜிப்பை இழுத்து மூடி, கொக்கியில் தொங்கவிட்டால்தான் பேக்குக்கு உடம்பு வரும். இதில் காசிம் பீவியை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அவர் திணித்த பேக் நல்ல சாப்பாட்டுக்காரர் மாதிரி கும்மென்று உட்கார்ந்திருக்கும். விற்றுக் கொடுக்கும்போது ஒரு வசனம் சொல்வார். முப்பது வருஷமாக அதில் ஒரு எழுத்து மாறியதில்லை.

"உள்ள பேப்பர் இருக்குதுங்க. வழியில எடுத்துடாதீங்க. வூட்டுக்குப் போயி எடுங்க, அப்பத்தான் உருவம் நிக்கும்."

இந்த வசனம் ஒருநாள் அவரையே திருப்பி அடித்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் மேல் வரிசையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஓர் ஐப்பசி மழையில், பள்ளிச் சீருடையில் ஒரு பெண் கடைப்படியில் வந்து நின்றாள். பெயர் அபிநயா. அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய அம்மா கொளஞ்சியம்மாள் காய்கறிச் சந்தையில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்கிறவர். கருணாபுரத்தில் வாடகைக்கு இருந்தார்கள். அப்பா செத்த பிறகு வீடு கையை விட்டுப் போனது. எப்படிச் செத்தார் என்று கொளஞ்சியம்மாள் சொல்வதில்லை, அந்த ஊரில் அதை யாரும் தோண்டிக் கேட்பதும் இல்லை. தாயும் மகளும் தம்பி தீனதயாளனும் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தைக் கூட்டி விடுவதற்காக வாட்ச்மேன் கொடுத்த சலுகை அது. முகூர்த்த நாள் வந்துவிட்டால் மட்டும் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு சந்தைக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் அவர்களுக்கு வீடு உண்டு. தையிலும் ஆவணியிலும் கிடையாது. ஊரில் எந்தப் புரோகிதரை விடவும் அந்தப் பிள்ளைகளுக்கு முகூர்த்தத் தேதிகள் நன்றாகத் தெரியும்.

"பேக் வாங்க வர்லீங்க," என்றாள் அபிநயா. "பேக்கு இருக்குது. ராத்திரிக்கு வைக்கத்தான் எடம் இல்ல."

"ஏன், படுக்குற எடத்துல வச்சிக்கினா இன்னாவாம்?"

"தமிழ் புக்கு மழையில ஊறிப்போச்சி. சமூக அறிவியல் புக்க மாடு தின்னுடுச்சிங்க."

அது பொய்யில்லை. சந்தை மாடுகளுக்குக் காகிதம் என்றால் உயிர். பள்ளியிலோ, புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று திட்டு. காசிம் பீவி முதலில் மாட்டைத் திட்டினார். பிறகு மாட்டுக்காரனை, மழையை, பள்ளிக்கூடத்தை, கடைசியில் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்த ஜமால் முகமதுவை. திட்டி முடித்ததும் புதுச் சரக்கிலிருந்து ஒரு நீல பேக்கை எடுத்து, உள்ளிருந்த பேப்பரை உருவிப் போட்டுவிட்டு, அவளுடைய புத்தகங்களை அதில் அடுக்கினார். அடையாளத்துக்கு ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி, கொக்கிக் கம்பால் தூக்கி மேல் வரிசையில் மாட்டினார்.

"காலையில எட்டு மணிக்கு வந்து எடுத்துக்கோ. சாயங்காலம் கொண்டாந்து குடு. படிக்கணும்னா படியில லைட்டு எரியுது, கடை சாத்துற வரைக்கும் குந்திக்கினு படி."

அடுத்த வாரம் தீனதயாளனின் பேக் ஏறியது. அதற்குப் பிறகு பேருந்து நிலையத்தில் பலூன் விற்கிறவரின் மகள் தேவிப்ரியாவும் அவள் தங்கையும். பிறகு இளநீர் வண்டியின் கீழேயே படுத்துத் தூங்குகிற ஒரு குடும்பத்தின் மூன்று பிள்ளைகள். ஆக ஏழு. மாலையில் ஏழும் படியில் உட்கார்ந்தால் கடைக்குள் நுழைய வழியே இருக்காது. "தாண்டி வாங்க, படிக்கிற புள்ளைங்க," என்று வாடிக்கையாளரைத்தான் அதட்டுவார் காசிம் பீவி. பாடம் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் படித்தது ஐந்தாவது. அபிநயா வரைந்த மனித இதயத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, "கறிக்கடையில தொங்குற மாதிரியே கீது," என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடையாது.

ஆனால் ஒன்றில் மட்டும் கறார். காலை எட்டேகால் மணிக்கு அண்ணாந்து பார்ப்பார். மேல் வரிசையில் எந்த பேக்காவது இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால், ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்று அர்த்தம். உடனே ஜமால் முகமதுவை மொபெட்டில் விரட்டுவார். கொட்டகையிலோ வண்டியடியிலோ சுருண்டு கிடக்கும் பிள்ளையை அவர் எழுப்பி, பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவருவார். அந்த வருஷம் ஏழு பேரில் ஒருவர்கூட நடுவில் நிற்கவில்லை. அபிநயா பத்தாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வில் வகுப்பிலேயே மூன்றாவதாக வந்தாள்.

இனி அந்தச் சனிக்கிழமை. மாசி மாதம். திங்கட்கிழமை அபிநயாவுக்கு அறிவியல் செய்முறைத் தேர்வு. ரெக்கார்டு நோட்டு இல்லாமல் யாரும் ஆய்வகத்துப் படி ஏறக் கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஐந்து மாதமாக எழுதி, வரைந்து, ஒவ்வொரு பக்கத்திலும் டீச்சரிடம் கையெழுத்து வாங்கிய நோட்டு. அது மேல் வரிசையில் நீல பேக்குக்குள் இருந்தது. அபிநயா கடைப்பக்கம் வரவில்லை. மறுநாள் முகூர்த்தம், மண்டபத்திலிருந்து கொட்டகைக்குச் சாமான் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் ஜமால் முகமதுவுக்கு எங்கிருந்தோ சுறுசுறுப்பு வந்துவிட்டது. கல்லாவை விட்டு எழுந்து, ஒட்டடை அடித்து, பேக்குகளையெல்லாம் இறக்கி, பழசும் புதுசுபோல மின்னத் துடைத்து, வரிசை கலந்து மறுபடி மாட்டினார். சாதுவான மனிதர்கள் திடீரென்று வேலை செய்தால் இப்படித்தான் ஆகும். சாயம் போன ரிப்பன்களைப் பார்த்து, புதிதாகக் கட்டலாம் என்று அவிழ்த்து வைத்தார். அந்த எண்ணத்தோடு டீ குடிக்கப் போனார்.

பதினோரு மணிக்கு மலையிலிருந்து ஒருவர் வந்தார். வேடியப்பன் என்று பெயர். யாராக இருந்தாலும் ஐந்து நிமிஷத்தில் பூர்வீகம் முழுவதையும் கறந்துவிடுவது காசிம் பீவியின் பழக்கம். கரியாலூரில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும், மரவள்ளி போட்டிருக்கிறார், மனைவி தங்கமணி, மகள் ஷாலினி ஒன்பதாவது படிக்கிறாள், பேக் அவளுக்குத்தான். எல்லாம் பேரத்துக்கு நடுவிலேயே தெரிந்துவிட்டது.

"மேல நீலக் கலர்ல ஒண்ணு தொங்குதே, அத எறக்குங்க," என்றார் வேடியப்பன்.

காசிம் பீவி கொக்கிக் கம்பால் தூக்கி நீட்டினார். வேடியப்பன் கையில் வாங்கினார். கை சட்டென்று தாழ்ந்தது.

"இன்னாங்க, இவ்ளோ கனமா இருக்குது?"

"தரமான சரக்குன்னா கனமாத்தான் இருக்கும்," என்றார் காசிம் பீவி, கொஞ்சம்கூட யோசிக்காமல். அதோடு தன் வசனத்தையும் சொன்னார். உள்ளே பேப்பர் இருக்கிறது, வழியில் எடுக்கக் கூடாது, வீட்டுக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். வேடியப்பன் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, பேக்கைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மலை பஸ்ஸுக்குப் போனார்.

மாலையில் அபிநயா வந்தாள். காசிம் பீவி அண்ணாந்து பார்த்தார். ரிப்பன் எதிலும் இல்லை. கொக்கிக் கம்பால் ஒவ்வொன்றாக இறக்கித் திறந்தார். பேப்பர். பேப்பர். தீனதயாளனின் கணக்கு நோட்டு. பேப்பர். நீல பேக்குகளில் கடைசியையும் திறந்து பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் ரிப்பன அவுத்தேன்," என்றார் ஜமால் முகமது மெல்ல.

காசிம் பீவி அவரைத் திட்டவில்லை. அதுவே ஜமால் முகமதுவுக்குப் பயமாக இருந்தது. காசிம் பீவி அபிநயாவைப் பார்த்து, "வித்துட்டேன்டி," என்றார். "உன் பேக்க மலைக்காரர் ஒருத்தருக்கு வித்துட்டேன்."

அபிநயா அழவில்லை. கடைப்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். "பரவால்லீங்க பாயம்மா," என்றாள். "எங்களுக்குப் பழக்கம்தான்."

அழுதிருந்தால் காசிம் பீவி தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. மழையும் மாடும் செய்ததைத் தானும் செய்துவிட்டோம், இந்தப் பெண் தன்னையும் அவற்றோடு சேர்த்துவிட்டாள் என்று நெஞ்சு காந்தியது.

"இன்னா பழக்கம்? எதுக்குப் பழக்கம்?" என்று எழுந்தார். "காலையில மொத பஸ்ஸு. கெளம்பி வா. அம்மாகிட்ட சொல்லிட்டு வா."

பிறந்ததிலிருந்து கள்ளக்குறிச்சியில் இருந்தாலும் காசிம் பீவி மலை ஏறியதே இல்லை. கடையை விட்டு எங்கே போவது என்பார். உண்மையில் அவருக்கு வளைவு என்றால் வயிற்றைப் புரட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, புர்காவை மாட்டிக்கொண்டு, கையில் இரண்டு எலுமிச்சம்பழத்தோடு பஸ்ஸில் ஏறினார். பக்கத்தில் அபிநயா. கச்சிராயபாளையம் வரைக்கும் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு கெத்தாகத்தான் வந்தார். கோமுகி அணையைத் தாண்டி மலை தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினார். ஒரு வளைவில் இவர்கள் பஸ் ஓரங்கட்டி நின்று, எதிரே இறங்கி வந்த பஸ்ஸுக்கு வழி விட்டது. அந்த பஸ்ஸில் யார் உட்கார்ந்திருந்தார் என்று பார்க்கக் காசிம் பீவியின் கண் திறந்திருக்கவில்லை. அபிநயாவோ எலுமிச்சம்பழத்தை அவர் மூக்கருகே பிடித்துக்கொண்டிருந்தாள்.

கரியாலூரில் இறங்கி, விசாரித்து, மரவள்ளிக் கொல்லை ஓரமாக நடந்து வேடியப்பன் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். முற்றத்தில் தங்கமணி சாமை புடைத்துக்கொண்டிருந்தார். பெரிய பெண் ஒருத்தி பக்கத்தில் நின்றாள். அதுதான் ஷாலினி.

"பேக் கடை அம்மாங்களா?" என்று தங்கமணி முறத்தைக் கீழே வைத்தார். "அவரு காலையிலயே உங்க கடைக்குத்தானே போனாரு. பேக்க எடுத்துக்கினு."

காசிம் பீவி முற்றத்துக் கல்லில் அப்படியே உட்கார்ந்தார். செல்போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. இறங்குவதற்கு அடுத்த பஸ் மதியம்தான்.

"எங்க ஷாலினிதான் ராத்திரி பேப்பர எடுக்கலாம்னு தொறந்தா," என்று தங்கமணி சொன்னார். "பாத்தா புக்கு, நோட்டு. திங்கக்கெழம பரீச்சைன்னு அட்டையில எழுதியிருக்குது. பதறிப்போயிட்டாரு. இல்லாங்காட்டி அடுத்த சனிக்கெழம சந்தைக்கு வரும்போதுதான் கொண்டாந்திருப்பாரு. அப்பறம் அட்ரஸப் படிச்சா, உங்க கடை. அடப்பாவமே, பெத்த பொண்ணோட பேக்கையே அந்தம்மா தெரியாம வித்துட்டாங்களேன்னு மொத பஸ்ஸுக்கே ஓடிட்டாரு." பிறகு அபிநயாவைப் பார்த்தார். "இதுதானா உங்க பொண்ணு?"

காசிம் பீவிக்கு இர்ஷாத் என்று ஒரே மகன். சென்னையில் வேலை. காசிம் பீவி அபிநயாவைத் திரும்பிப் பார்த்தார். அபிநயா முறத்தில் கிடந்த சாமையை எண்ணுவதுபோலக் குனிந்திருந்தாள்.

"இன்னாடி அட்ரஸு?"

"பள்ளிக்கூடத்துல எழுதச் சொன்னாங்க," என்றாள் அபிநயா. "பாயம்மா பேக் கடை, பஸ் ஸ்டாண்டு எதிரில்னு எழுதிட்டேன். தப்புதான். கேக்காம எழுதிட்டேன்."

"மண்டபம்னு எழுதியிருக்கலாமே."

"முகூர்த்தம் வந்தா அது பொய்யாயிடுமே பாயம்மா. கொட்டகைன்னா முகூர்த்தம் முடிஞ்சா பொய்யாயிடும். உங்க கடை ஒண்ணுதான் எல்லா நாளும் இருந்த எடத்துலயே இருக்குது."

காசிம் பீவி தங்கமணி பக்கம் திரும்பி, "ஆமாங்க, நம்ம பொண்ணுதான்," என்றார். "படிப்புல கெட்டி. புத்திதான் கம்மி. தப்புன்னு சொல்லுது பாருங்க."

தங்கமணி அவித்த மரவள்ளியும், சாமைச் சோறும், அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார். காசிம் பீவி இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். ஷாலினி அபிநயாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த நோட்டிலிருந்த இதயப் படம் பிரமாதம் என்றாள். ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துத் தானும் வரைந்ததாகச் சொல்லி ஒரு தாளைக் காட்டினாள். கறிக்கடை இதயத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று காசிம் பீவி சிரித்தார். ஆனால் பேக் இன்னும் கண்ணில் படவில்லையே என்ற பயம் உள்ளே குடைந்துகொண்டுதான் இருந்தது. கடை திறந்திருக்கிறதா, ஜமால் முகமது தொழுகைக்குப் போயிருந்தால் வேடியப்பன் என்ன செய்வார், பேக்கோடு திரும்பி மலை ஏறிவிட்டால்?

மதியம் பஸ் இறங்கும்போது கண்ணை மூடவில்லை. எதிரே ஏறுகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் நீல நிறம் தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தார். வயிறு புரட்டவும் மறந்துவிட்டது. கச்சிராயபாளையத்தில் சிக்னல் வந்ததும் செல்போன் அலறியது. ஜமால் முகமது.

"எங்க இருக்க? எத்தினி வாட்டி அடிக்கிறது? பேக்கு வந்தாச்சி. கனமா வந்தாச்சி."

காசிம் பீவி போனை அப்படியே அபிநயாவின் காதில் வைத்தார். அவள் கேட்டு முடித்து, முந்தின நாள் வராத அழுகையை அங்கே அழுதாள். கண்டக்டர் பதறிப்போய், "இன்னாம்மா, சாவு சேதியா?" என்றார். "இல்லப்பா, ரெக்கார்டு நோட்டு," என்றார் காசிம் பீவி. கண்டக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கடையில் வேடியப்பன் மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். மடியில் பேக். கல்லாவில் இருந்தவரிடம்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தார். பாப்பா கையில்தான் கொடுப்பேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். அபிநயா வாங்கி, திறந்து, நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கையெழுத்து எல்லாம் இருந்தது.

முப்பது வருஷத்தில் காசிம் பீவி எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லாத ஒன்றை வேடியப்பனிடம் சொன்னார். "என் தப்புங்க. கனமா இருக்குதுன்னு நீங்க சொன்னப்பவே பாத்திருக்கணும். வாய்க்கொழுப்பு." பிறகு கடையிலேயே நல்ல பேக் ஒன்றை இறக்கி, இந்த முறை ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டு ஆழம் வரைக்கும் துழாவிப் பார்த்துவிட்டு நீட்டினார்.

வேடியப்பன் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது கனமே இல்லையேங்க. தரம் கம்மியா?"

ஜமால் முகமது சிரித்த சிரிப்பில் செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். காசிம் பீவி முறைத்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் வரிசையில் எட்டு அங்குல நீளத்துக்குப் புது ரிப்பன்கள் தொங்கின. ஒவ்வொரு பேக்கிலும் மூன்று முடிச்சு. நீல பேக்கை மட்டும் காசிம் பீவி கொக்கிக் கம்பு இல்லாமல், ஸ்டூலில் ஏறிக் கையாலேயே எடுத்து அபிநயாவின் தோளில் மாட்டிவிட்டார். செய்முறைத் தேர்வில் அவளுக்கு முழு மதிப்பெண். பொதுத்தேர்வில் நானூற்று நாற்பத்தொன்று. கொளஞ்சியம்மாள் சந்தையிலிருந்து ஒரு கூடை தக்காளி கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாமல் நின்றார். "தக்காளி பழுத்துப்போச்சி, அடுத்த வாட்டி செங்காயா பாத்துக் கொண்டா," என்று காசிம் பீவி அவரைக் காப்பாற்றினார்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை தபால்காரர் நாராயணசாமி கடைக்கு ஒரு கட்டுக் கடிதத்தோடு வந்தார். மேல்நிலைப் பள்ளியிலிருந்து அபிநயாவுக்கு ஒன்று. உதவித்தொகை விஷயமாகத் தேவிப்ரியாவுக்கு ஒன்று. தீனதயாளனுக்கு ஏதோ ஓவியப் போட்டிச் சான்றிதழ். இன்னும் இரண்டு. எல்லாவற்றிலும் ஒரே முகவரி.

"இன்னா பாயம்மா," என்றார் நாராயணசாமி. "உங்களுக்கு இர்ஷாத்து ஒருத்தன்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன். இந்த அட்ரஸுல மொத்தம் எத்தினி புள்ளைங்க?"

காசிம் பீவி அண்ணாந்து மேல் வரிசையைப் பார்த்தார். விரலை நீட்டி ஒவ்வொரு ரிப்பனாக எண்ணினார்.

"எட்டு," என்றார். "கடைசியில பச்சை பேக்கு பாருங்க, அது நேத்துதான் வந்திச்சி. அதுக்கும் தபால் வரும், இங்கயே கொண்டாந்து குடுங்க."